திட்டில் இருந்தது நாரை இல்லை

மகனே,

நீ மாடியில் வெளிநாட்டுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். உங்கம்மா ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்றாவது பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் வாசலில் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து, நீ பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த நோட்டின் வெள்ளைப் பக்கங்களில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். பதினாறு படி ஏறினால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம். ஏறத்தான் செய்தேன், இரண்டு தடவை. முதல் தடவை "ஸ்வெட்டரு வச்சிட்டியா" என்று கேட்டுவிட்டு இறங்கினேன். இரண்டாம் தடவையும் அதையே கேட்டேன். "அப்பா, அதே ஸ்வெட்டர்தான்ப்பா, இன்னும் உள்ளதான் கெடக்கு" என்றாய். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவன் நான். அந்த ஒரு பாடத்தை நம்பித்தான் இப்போது பேனாவைத் திறந்திருக்கிறேன்.

இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டு. ஆட்டோ ஸ்டாண்டில் ஒட்டினாலும் சம்மதம். பொய்யை ஊரறியச் சொன்னவன், உண்மையை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுப்பது நியாயமில்லை.

முதலில், நீ உதவி டைரக்டராக வேலை பார்த்த படம். போன சனிக்கிழமை, படம் வெளிவருவதற்கு முன்பே ராமநாதபுரம் தியேட்டரில் நமக்கெல்லாம் போட்டுக் காட்டினார் உங்கள் டைரக்டர். புதுச் சட்டை போட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கதை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. மன்னார் பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து, அம்மாவோடும் தம்பியோடும் இன்னும் இரண்டு பேரோடும் படகேறி வந்த பதினோரு வயதுப் பெண். மண்டபம் முகாமில் வளர்ந்து, கல்யாணமாகிக் குளிர் நாட்டுக்குப் போய், பிற்பாடு தன் கதையை நாவலாக எழுதியவர். அந்த நாவலைத்தான் நீங்கள் படமாக்கியிருக்கிறீர்கள். ராமேஸ்வரத்துக்காரன் பார்க்காத அகதியா என்று மெத்தனமாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் மடக்கிக்கொண்டேன்.

கடலை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன், வள்ளத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பாம்பன் பாலத்து மேலிருந்து பார்த்திருக்கிறேன். மணல் திட்டிலிருந்து பார்த்ததில்லை. விடியற்காலையில் அக்கரைப் படகுக்காரன் "இதுதான் இந்தியா, இறங்குங்க" என்று சொல்லி அவர்களைக் கடல் நடுவே ஒரு திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். விடிந்த பிறகுதான் தெரிகிறது, இந்தியா என்பது நாற்பது காலடி நீளமுள்ள வெறும் மணல், சுற்றிலும் தண்ணீர். அந்தப் பெண் எட்டு வைத்து அளக்கிறாள். வெயில் ஏற ஏற மறுபடி அளக்கிறாள், முப்பது. தண்ணீர் ஏறுகிறது. அவள் அம்மா சேலையை அவிழ்த்துப் பிள்ளைகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு பாவாடையோடு நிற்கிறாள். மறுபடி அளக்கிறாள், இருபத்திரண்டு. உங்கம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். நம் பிழைப்பான கடல், நான் நித்தம் சுற்றுலாக்காரர்களுக்குக் கைநீட்டிக் காட்டுகிற கடல், அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ஐம்பது வயதில், திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வந்ததும் அதிசயம்தான். முகாம், குழாயடி, பள்ளிக்கூடம் எல்லாம் நமக்குப் பழகின இடம். அவளுடைய கண்ணால் பார்க்கும்போது நம்ம ஊரே வேற்று நாடாக இருந்தது. அவள் ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்கும். இங்கே கடலுக்குள்ளிருந்து ஏறுகிறது. சூரியன் கூடத் தப்பான பக்கம் நிற்கிற ஊரில் ஒரு பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? வாயைத் திறந்தால் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று அவள் ஒரு மாதம் தலையை மட்டும் ஆட்டுகிறாளே, அந்த வகுப்பில் சிரித்த பிள்ளைகளின் முகமெல்லாம் எனக்குத் தெரிந்த முகம். பிறகு அந்தக் குழாயடி. வரிசையில் நிற்கிற உள்ளூர்ப் பெண் ஒருத்தி, ஒரு வார்த்தை பேசாமல், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் குடத்தைக் காலால் ஒரு சாண் நகர்த்துகிறாள். இவள் தன் குடத்தை அந்த இடைவெளியில் வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு மனுஷிக்கு ஒரு நாட்டுக்குள் இடம் கிடைப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இவ்வளவும் யோசித்த கூட்டத்தில் என் மகனும் ஒருவன் என்று நினைத்தபோது, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு சொல்லிவிட்டேன்.

ஆனால் திட்டுக் காட்சியின் முடிவில் நீ வைத்தது ஒன்று இருக்கிறது. தூரத்தில் ஒரு வள்ளம். முன்பக்கத்தில் ஒரு பையன். அவர்கள் கை ஆட்டுகிறார்கள். வள்ளம் திரும்பி அவர்களை நோக்கி வருகிறது. பையன் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, அந்தப் பெண்ணிடம் ஒரு தூக்குவாளித் தண்ணீரை நீட்டுகிறான். தியேட்டரே கை தட்டியது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். உன் கண் நிறைந்திருந்தது. நான் காலுக்கடியில் செருப்பைத் தேடினேன்.

படம் முடிந்து வெளியே போண்டாவும் டீயும் கொடுத்தார்கள். நாவல் எழுதிய அந்த அம்மாவை நீ கைபிடித்து அழைத்து வந்து, "இவருதான் எங்கப்பா. அந்தத் தண்ணி குடுத்த பையன்" என்றாய். வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாக வெட்டிய, மெலிந்த பெண்மணி. என்னைக் கும்பிட்டார்கள்.

"அண்ணை, நான் உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும். என்ரை புத்தகத்திலை அந்த வள்ளம் திரும்பிப் போயிட்டுது எண்டுதான் எழுதினனான். உங்கட மகன்தான் எனக்கு எழுதினவர், இல்லை, அந்தப் பெடியன் தன்ரை அப்பா, அவர் வந்தவர், தண்ணி தந்தவர் எண்டு. நான் சின்னப் பிள்ளை, தாகத்திலை கிடந்தனான். எல்லாத்தையும் பிழையா நினைவு வைச்சிருக்கிறன் போலை. இவ்வளவு வருசமா ஒரு பெடியனை வீணாக் கோவிச்சுப்போட்டன். புத்தகம் திரும்பவும் அச்சிடப் போறாங்கள். அந்தப் பக்கத்தை மாத்தி எழுதப் போறன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயில் போண்டா இருந்தது. தலையை ஆட்டினேன்.

இந்தத் தண்ணீர்க் கதை எப்படி வளர்ந்தது என்று உனக்குத் தெரியாது, ஆனால் வளரும்போது நீ பக்கத்திலேயே இருந்தாய். தனுஷ்கோடிக்கு ரோடு வராத காலத்தில் மணலில் வேன் ஓட்டினேன் அல்லவா? ஆள் ஏற்றிக்கொண்டு முனைக்குப் போனால், ஜனங்கள் கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார்கள், பிறகு சலித்துப்போகும். ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு நாள், "அந்தா தெரியுது பாருங்க சார், அங்கனதான் திட்டு இருக்கு. சின்ன வயசுல அகதி சனம் அஞ்சு பேரை நான்தான் தண்ணி குடுத்து வள்ளத்துல ஏத்திட்டு வந்தேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் அஞ்சு எட்டானது. கோடை விடுமுறையில் பன்னிரண்டு. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது முன்சீட்டில் உட்கார்ந்து வருவாய். ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால், "அப்பா, நேத்து பதினாறுன்னீங்க, இன்னைக்குப் பதினெட்டுங்கிறீங்க" என்றாய். தொடையில் கிள்ளினேன். அதற்காகவும் இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கம்மா மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே கேள்விதான் கேட்பாள். "ஏழு பேரு ஏறினாலே முங்குற வள்ளத்துல பதினெட்டு பேரை எங்கன உக்கார வச்சீங்க, ஒங்க மடியிலயா?"

பிறகு நீ பள்ளிக்கூடத்தில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதி, பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாய். அந்த டம்ளரில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எனக்குப் புரையேறியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஏறவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இறங்கியது. பொய் பழகிப்போனால் தொண்டையில் நிற்பதில்லை, இதைத் தெரிந்துகொள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்தேன். நீ பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த பக்கத்துக்கு நேராகப் போனேன். அந்த வள்ளத்தின் முன்பக்கத்தில் நின்ற பையனைப் பற்றி அந்த அம்மா எழுதியிருப்பது ஏழே வரி. அவன் தங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினானாம். தங்களுக்குத்தான் கை ஆட்டுகிறான் என்று தம்பி துள்ளிக் குதித்தானாம். பிறகுதான் தெரிந்ததாம் அவன் தலை சீவிக்கொண்டிருக்கிறான் என்று. சீவி முடித்துச் சீப்பைச் சட்டைப் பையில் வைத்தான், வள்ளம் திரும்பிப் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு திட்டு வார்த்தை இல்லை. புத்தகத்தை மூடி உன் அலமாரியில் தலைகீழாக வைத்துவிட்டேன். நீ நேற்று அதை எடுத்து, "யாருப்பா இதைப் பொரட்டி வச்சது" என்று கேட்டாய். உங்கம்மா மேல் பழி போட்டேன். அதுவும் நான்தான்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினைந்து வயது. பெரியப்பாவோடு கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வள்ளத்தில் இரண்டே பேர். அவர் பின்னால் சுக்கான் பிடிக்கிறார், நான் முன்னால் நிற்கிறேன். அந்த முன்பக்கத்துக்கு அணியம் என்று பேர். அணியத்தில் நிற்பவன்தான் வள்ளத்துக்குக் கண். அவன் பாறை என்றால் பாறை, தண்ணீர் என்றால் தண்ணீர். சுக்கான் பிடிப்பவன் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். கேட்கிற நேரத்தில் வள்ளம் மோதிவிடும். இன்னொரு வழக்கமும் இருந்தது. திட்டில் ஆள் நின்றால் போய் ஏற்றியே ஆக வேண்டும். பிடித்த மீன் அழுகினாலும் சரி, போலீஸ் விசாரணை என்று கரையில் அரை நாள் உட்கார வைத்தாலும் சரி. பெரியப்பா அதில் பின்வாங்குகிற ஆளே இல்லை. பிரச்சினை அவர் இல்லை. அன்றைக்கு ராமேஸ்வரத்தில் புதுப்படம். பகல் காட்சி. ஒரு மாதமாக அதற்காகக் காத்திருந்தேன். கடலுக்கே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன், சீப்போடு.

பெரியப்பாவுக்கு எதிர்வெயிலில் கண் கூசும். கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏலே, திட்டுல என்னமோ அசையுற மாதிரி இருக்கே?"

எனக்கு எல்லாம் தெரிந்தது. விரித்த சேலை தெரிந்தது. ஆட்டுகிற கைகள் தெரிந்தன. குதிக்கிற சின்னப் பையன் தெரிந்தான். அவர்களை ஏற்றினால் பகல் காட்சி போச்சு. தலையைச் சீவிக்கொண்டே சொன்னேன்.

"நாரைக் கூட்டம் பெரியப்பா. உக்காந்து எந்திரிக்குது."

அவர் திருப்பிக் கேட்கவில்லை. சுக்கானைத் திருப்பினார்.

படத்துக்குப் போனேன். சாயங்காலம் கரைக்கு வந்தபோது வேறொரு வள்ளம் வந்து நின்றது. அதிலிருந்து ஐந்து பேரை இறக்கினார்கள். முகமெல்லாம் உப்புப் பூத்து, உதடு வெடித்து, ஒரு சிறுமி ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே இறங்கினாள். பெரியப்பாவும் கூட்டத்தில் நின்றார். "எந்தத் திட்டு?" என்று ஒருவரிடம் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"ஒன் நாரை பாவாடை கட்டியிருக்குலே" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து என்னை அணியத்தில் நிற்க விடவில்லை. நடுவில் உட்கார வைத்துத் தண்ணீர் இறைக்கச் சொன்னார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை. ஆறு மாதம் இறைத்துப் பார்த்துவிட்டு நான் கடலை விட்டே வந்துவிட்டேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று உன்னிடம் சொன்னது அதனால்தான். எனக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நீ டைரக்டரோடு மதுரைக்குப் போன பிறகு, பாம்பனில் அந்த அம்மா தங்கியிருந்த லாட்ஜுக்கு ஆட்டோவை ஓட்டிப்போனேன். "முனைக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்கம்மா" என்றேன். முனையில் இறங்கியதும் நம் ஸ்டாண்டுக்காரன் ஒருவன், "அண்ணே, அம்மாவுக்கு அந்தப் பதினெட்டு பேரு கதையை எடுத்து வுடுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான். கடலைப் பார்த்து நின்றபடி எடுத்துவிட்டேன். பதினெட்டு இல்லை, அஞ்சு. ஏற்றியவன் நான் இல்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. நாரை என்று சொன்னேன். தலை சீவினேன்.

அந்த அம்மா அலை ஓரமாகப் போய் நின்றார்கள். நான் பக்கத்தில் நிற்பதா, ஆட்டோவுக்குப் போவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"அப்ப நான் எழுதினது சரி" என்றார்கள்.

"சரிதாம்மா. அத்தனையும் சரி."

"சீப்பு?"

"மஞ்சக் கலரு."

அவர்கள் மூச்சை விட்டார்கள் தம்பி. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அந்த முகத்தில் ஒரு நிம்மதி. "எனக்கு எண்டு அந்த நாளிலை இருந்து மிஞ்சினது நினைவு மட்டும்தான் அண்ணை. அதுவும் பிழையெண்டால் எனக்கு ஒண்டுமே இல்லை. மூண்டு மாசமா நித்திரை இல்லை" என்றார்கள். எனக்கு அது விளங்கவே கொஞ்ச நேரமானது. நாம் அவர்களுக்குப் படத்திலாவது தண்ணீர் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம், நீயும் நானும். உண்மையில் அவர்களிடம் இருந்த ஒரே ஒரு பொருளையும் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து திடீரென்று கேட்டார்கள். "என்ன படம் அண்ணை?"

பேரைச் சொன்னேன்.

"நல்ல படமோ?"

"தெரியலம்மா. இடைவேளைக்கு அப்புறம் தூங்கிட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாம்பன் வரும்வரை விட்டுவிட்டுச் சிரித்தார்கள், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறங்கும்போது, "மகனுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும், நான் சொல்ல மாட்டன்" என்று மட்டும் சொன்னார்கள். தண்ணீர் ஏறுகிற திட்டில் நின்று எட்டுகளை எண்ணிய பிள்ளையால், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தன்னை நாரை என்று சொன்னவனின் ஆட்டோவில் உட்கார்ந்து சிரிக்க முடிகிறது. ராமநாதசாமி கோயில் பிராகாரத்தைப் பார்த்துக்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

அதனால் சொல்லிவிட்டேன். நீ பெட்டியை அப்படியே வைத்துவிட்டு உங்கள் டைரக்டருக்குப் போன் போடு. படம் வெளிவர இன்னும் நாள் இருக்கிறது, கடைசி வெட்டு பாக்கி என்று நீதான் சொன்னாய். அந்தத் தூக்குவாளியை எடுத்துவிடு. வள்ளம் திரும்பிப் போகட்டும். யாரும் கை தட்ட மாட்டார்கள், பரவாயில்லை. அந்தப் பையன் கையில் மஞ்சள் சீப்பு இருக்கட்டும். கதை யாருடையதோ அவர்களுக்கு வள்ளம் வரவில்லை. வந்தது என்று காட்ட நமக்கு உரிமை கிடையாது, நம் அப்பன் சொன்னான் என்பதற்காகக்கூட. அப்பன் சொன்னதைத் திருப்பிக் கேட்காமல் சுக்கானைத் திருப்பிவிட்டாய். அது உன் தப்பில்லை. அணியத்தில் நின்றது நான்.

நீ போகிற ஊரில் உனக்கும் சூரியன் தப்பான பக்கம்தான் நிற்கும். சில நாள் சூரியனே வராது என்கிறார்கள். உன் வாயிலிருந்து வருகிற இங்கிலீஷுக்குச் சிரிப்பார்கள். யாராவது ஒருத்தர் பேசாமல் குடத்தை நகர்த்துவார்கள், அவர்களை மறக்காதே. நகர்த்தாமல் போகிறவனையும் ரொம்பக் கோபிக்காதே, ஆனால் அவன் நகர்த்தினான் என்று பின்னால் மாற்றி எழுதிவிடாதே. நீ எப்போதாவது அணியத்தில் நின்றால், தூரத்தில் அசைவது மனுஷன் என்றால் மனுஷன் என்று சொல். என்ன அவசரமாக இருந்தாலும் சரி, என்ன படமாக இருந்தாலும் சரி.

இதை வாசித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. வெள்ளிக்கிழமை மதுரை ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஆட்டோ ஓட்டி வருவேன், அவ்வளவு தூரம் ஆட்டோவிலா என்று உங்கம்மா கத்தினாலும். நீ உள்ளே போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பி நில். தூரத்தில் ஒருத்தன் கையைத் தூக்குவான். பயப்படாதே, உனக்குத்தான் ஆட்டுகிறேன். சீவுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

உன் அப்பா